மின்விசிறி நிற்கவில்லை

என் மூத்த மகன் கொழும்புப் பக்கமுள்ள ஓர் அனல் மின் நிலையத்தில் வேலை செய்கிறான். வேலைக்குச் சேர்ந்து முதல் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தபோது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலைக் காட்டி எனக்கு விளக்கினான்.

“இவ்வளவுதான் உம்மா. எண்ணெய எரிச்சித் தண்ணியக் கொதிக்க வைக்கிற. இந்த ஆவி பெரிய சக்கரத்தச் சுத்தும். அதோட சேர்ந்து காந்தம் சுத்தினா, செப்புக் கம்பிச் சுருள்ல கரண்ட் வரும்.”

“கேத்தல் கொதிக்க வைக்கவா இவ்வளவு காலம் கம்பஸ்ல படிச்ச?” என்றார் அவன் வாப்பா.

நானும் விஞ்ஞானம் படித்தவள்தான். ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டு மின்சாரத்தை அவனே அனுப்புவதுபோல் ஓர் எண்ணம். எங்கள் ஊரான சாய்ந்தமருதில் கரண்ட் போனால் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் கத்துவாள்: “ராத்தா, ஒங்கட மகன் நித்திரையாகிட்டான் போல, எழுப்பி விடுங்க!” சிரித்துக்கொண்டே அவனைப் போனில் அழைப்பேன். உள்ளுக்குள் பயம். கரண்ட் இருக்கும் நாட்களில் அழைப்பதில்லை. விசிறி சுற்றினால் அவன் நலம்.

இந்த நோன்பில் ஒரு நாள், அசர் தொழுதுவிட்டுக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். மகனோடு வேலை செய்பவர் போனில் பேசினார். ஆவிக் குழாய் வெடித்து மகனுக்குக் கையும் கழுத்தும் வெந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம்.

“இல்லியே, இஞ்ச கரண்ட் இரிக்கே,” என்றேன்.

என் தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். “எல்லா இடத்துக் கரண்டும் ஒரே வலையிலதானே சேருது உம்மா. எங்கட மெசின் நிண்டா மலைநாட்டு அணைக்கட்டுல தண்ணியக் கூடுதலாத் தொறந்து கரண்ட் எடுப்பாங்க. நம்மட கல்முனைப் பக்கம் ஒரு பல்பும் அணையாது.” அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

காயம் ஆறி அவன் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டான். போகாதே என்று சொல்லிச் சொல்லி நான்தான் களைத்துப்போனேன்.

நேற்று அந்தியில் கரண்ட் போனது. மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவளும் இப்போது அந்தப் பகிடியை விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது, விசிறி சுற்றத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அவனை அழைத்தேன்.

“என்ன உம்மா, கரண்ட் இன்னும் வரல்லியா?”

“அது வந்திட்டு மகன். நீ எப்பிடி இரிக்க?” என்றேன்.