நேர் ரோட்டுக்காரன் கையெழுத்து

டிராக் ரேஸுங்கறது நேரா மட்டும் போற தொழிலுங்க. அதைப் போயி, நூறடி நேர் ரோடு கிடைக்காத கொல்லிமலையில பொறந்த நான் புடிச்சேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ரெண்டு பைக்கு பக்கத்துல பக்கத்துல நிக்கும். பச்சை விளக்கு எரியும். கால் மைல் தூரம், வளைவே கிடையாது, யாரு முன்னாடி கோட்டைத் தாண்டறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான். இருபது வருஷமா இதைத்தான் செஞ்சேன். இப்பவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை மலையிறங்கிப் போயி, வயசானவங்க பிரிவுல ஓட்டிட்டு வாரேன். மிச்ச நாள் பூரா சோளக்காடுங்கற ஊருல, மலை ரோடு ஏறி முடியற இடத்துல, பைக் மெக்கானிக் கடை.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறி வார பசங்க, கடைச் சுவத்துல மாட்டியிருக்கற என் ரேஸ் போட்டோவைப் பாத்துட்டுக் கையெழுத்துக் கேப்பாங்க. கேட்டாப் போட்டுட்டுப் போறது, இதுல என்னய்யா கஷ்டம்னு நினைப்பீங்க. ஊருக்குள்ள நாலு பேருக்குத் தெரிஞ்ச மூஞ்சியா இருந்து பாத்தவங்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். நீங்களும் அப்படி ஒருத்தரா இருந்தா வாங்க, பக்கத்துல உக்காருங்க. என் கையெழுத்தை வாங்கிட்டுப் போன ஒரு பையன் காலை ஒடிச்சுக்கிட்ட கதையும் இதுல வருது. அதை முழுங்கிட்டு, சிரிக்கற கதையை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரலை.

பன்னெண்டு செகண்டு

முதல் கோப்பையோட ஊட்டுக்கு வந்தப்ப மலைமேல எங்க ஊரு குண்டூர் நாட்டுல, எங்க வாசல்ல ஒரே கூட்டம். எங்க பங்காளி பெரியசாமி அண்ணன், மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டிருக்கறவரு, அவருதான் முதல் ரசிகரு. மகளோட பள்ளிக்கூட நோட்டைக் கொண்டாந்து நீட்டி, "போடு கண்ணு ஒரு கையெழுத்து"ன்னாரு. என் வாழ்க்கையில முதல் கையெழுத்து.

போட்டு முடிச்சதும் கோப்பையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "எத்தனை நேரம் கண்ணு ஓட்டினே?"ன்னாரு. பன்னெண்டு செகண்டுன்னேன். காதுல சரியா விழலையோன்னு மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் அதையேதான் சொன்னேன்.

"பன்னெண்டு செகண்டுக்கா சாமி ரெண்டு நாளு பஸ்ஸேறிப் போயிட்டு வந்தே? நான் மிளகு பறிக்க மரத்துல ஏணி சாத்தறதுக்கே அதுக்கு மேல ஆவுமே!"

இடது கை

எங்க டீம்ல டேனியல் அண்ணன்னு ஒருத்தரு, சேலத்துக்காரரு. ஓட்டத்துக்கு முன்னாடி அவரு இடது கையை யாருக்கும் குடுக்கமாட்டாரு. கிளட்ச் புடிக்கற கை அது. பச்சை விழுந்த நொடியில அதை விடற விதத்துலதான் எங்க பொழப்பே இருக்குது. இடையில அந்தக் கைக்கு வேற வேலை குடுத்தா விடற பக்குவம் மறந்து போயிரும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. பாழாப்போன சங்கதி என்னன்னா, மனுசன் எழுதறதும் இடது கையில. அதனால ஓட்டத்துக்கு முன்னாடி கையெழுத்துக் கேட்டு வாரவங்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாரு. திமிர் புடிச்சவன்னு காதுபடவே பேசிட்டுப் போவாங்க.

ஓட்டம் முடிஞ்சப்புறம் பாக்கோணும் அந்த மனுசனை. பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவாரு. வார ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரு, ஊரு, என்ன வேலைன்னு கேட்டு, அத்தனையையும் எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்து. திமிர் புடிச்சவன்னு திட்டிட்டுப் போனவனுக்கும்தான். நாங்க வண்டிகளை வேன்ல ஏத்தி, கயிறு கட்டி, டீ குடிச்சு, பசியெடுத்து, அப்பவும் எழுதிக்கிட்டே இருப்பாரு. ஒரு தடவை மைதானத்துல எங்க வேனைத் தவிர ஒண்ணுமில்லை. காவக்காரரு சாவிக்கொத்தோட வந்து பக்கத்துலயே நின்னாரு. திட்டத்தான் வந்திருக்காருன்னு நான் எந்திரிச்சேன்.

"எல்லாருக்கும் போட்டாச்சுங்களா சார்? அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுட்டுக் கெளம்புங்க, கேட்டைச் சாத்தோணும்."

தோத்த அன்னைக்கு

ஒரு வருஷம் பச்சைக்கு முன்னாடியே கெளம்பித் தொலைச்சிட்டேன். அப்படிக் கெளம்பினா தோத்த கணக்குதான், முதல் போட்டியிலயே வெளிய. அந்த அவமானம் இருக்குதே, சொல்லி மாளாது. ஹெல்மெட்டைக் கழட்டினா அழுதது தெரிஞ்சிரும்னு, அதைப் போட்டபடியே வேனுக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன்.

ஐம்பது வயசுக்காரரு ஒருத்தரு, மகளைக் கையில புடிச்சுக்கிட்டுத் தேடி வந்தாரு. அந்தப் புள்ளை கையில நோட்டு. எனக்கு நெஞ்சே நெகிழ்ந்து போச்சு. தோத்தவனையும் மதிச்சு வாராங்களேன்னு ஹெல்மெட்டைக் கழட்டி, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, டேனியல் அண்ணன் மாதிரியே பேரு, ஊரு எல்லாம் கேட்டு எழுதினேன். இருந்தாலும் மனசு கேக்காம, "ஜெயிச்சவரு அந்தப் பக்கம் இருக்காருங்க"ன்னேன்.

"தெரியுமுங்க, அங்க போனா ஒரு மணி நேரம் வரிசையில நிக்கோணும், இங்க காலியா இருந்துச்சுங்களே, அதான் வந்தோம்."

டேங்க்ல போட்டது

இனி அந்தக் கதை. கோகுல்னு ஒரு பையன், இருபத்திநாலு வயசு, நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற பட்டறையில வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தான். அவன் வண்டியைப் பாத்ததும் அசந்துட்டேன். என் போட்டோவுல இருக்கற பைக்கேதான்! அதே பெயிண்டு, அதே சைலன்சர். கண்ணாடி இல்லை, ஸ்டாண்டு இல்லை. போட்டோவைச் செல்போன்ல வச்சுப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்து, ஒவ்வொரு சாமானா அவனே செஞ்சிருக்கான். தொழில்காரன் கையி, குத்தம் சொல்ல முடியாது. "டேங்க்ல போடுங்கண்ணா, மேல வார்னிஷ் அடிச்சுக்கறேன்"னான். எனக்குத் தலைகால் புரியலை. பேரு, ஊரு, வேலை எல்லாம் கேட்டேன். பெருசா, சாய்வா, அடியில கோடெல்லாம் இழுத்துப் போட்டேன்.

டேங்கைப் பாத்தேனே தவிர, சக்கரத்தைக் குனிஞ்சு பாக்கலைங்க. ரேஸ் வண்டியில கனம் குறையோணும்னு பின் பிரேக்கையே கழட்டியிருப்போம். அதையும் இந்தப் பையன் அச்சு அசலாக் கழட்டியிருக்கான். கையெழுத்தை வாங்கிட்டு, முன் பிரேக்கை மட்டும் புடிச்சுப் புடிச்சு மலையிறங்கியிருக்கான். எழுபது வளைவுல பாதி தாண்டறதுக்குள்ள அது சூடேறி, புடிக்காமப் போச்சு. தடுப்புச் சுவத்துல மோதி நின்னான்.

மலை ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கற ஸ்டெல்லா, திண்டுக்கல் பக்கத்துப் பொண்ணு, தன் ஸ்கூட்டரை எங்கிட்டத்தான் விடும். மறுநாள் காலையில வந்துச்சு. வண்டியை விட்டு எறங்கவே இல்லை.

"நேத்து ஒரு பையன் கால் ஒடிஞ்சு வந்தாண்ணே, நான் கட்டுப் போடப் போட, டேங்க்ல கையெழுத்து அழிஞ்சிருச்சான்னு பாருங்கக்கான்னு அழுகுறான், யாரு கையெழுத்துடான்னு கேட்டா உங்க பேரைச் சொல்றாண்ணே."

போட்டோவுல இல்லாதது

அவனை அங்கயிருந்து நாமக்கல்லுக்கு அனுப்பியிருந்தாங்க, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னேன். கோகுலோட அம்மா என் சட்டையைப் புடிச்சு நாலு கேள்வி கேட்டா நல்லாருக்கும்னு கூடத் தோணுச்சு. அந்தம்மா என்னைப் பாத்ததும், "ஏனுங்ணா, நீங்கதானுங்களா? அத்தனை தூரத்துல இருந்து வந்தீங்களா?"ன்னு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரங்ககிட்டயெல்லாம், என் பையன் அடிக்கடி சொல்லுவானே, அவருதான்னு பெருமையாச் சொன்னாங்க. எனக்கு அவமானத்துல உடம்பு கூசிப் போச்சு.

கோகுலுக்குத் தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் கட்டு. என்னைக் கண்டதும் எந்திரிக்கப் பாக்கறான், கிறுக்குப் பய. "எனக்குத்தான் உங்கள மாதிரி நிறுத்தத் தெரியலைங்கண்ணா"ன்னான். பொறுக்க முடியலை. கட்டில்லயே உக்காந்து சொல்லிட்டேன். "அட கண்ணு, எனக்கு மட்டும் நிறுத்தத் தெரியும்னு யாரு சொன்னது? கோட்டுக்கு அப்பால, நிக்கறதுக்குன்னே அரை மைலுக்கு மேல காலி ரோடு போட்டு வச்சிருப்பாங்க. அதுல உருண்டு உருண்டு தானா நிக்கும். அந்த ரோட்டை நம்பித்தான் பிரேக்கையே கழட்டினோம்."

அவன் செல்போன்ல அந்தப் போட்டோவை எடுத்து, விரலால பெருசு பண்ணிப் பாத்தான்.

"அந்த ரோடு போட்டோவுல இல்லீங்களேண்ணா."

பேனாவைக் காணோம்

திரும்பி வந்ததும் போட்டோவைக் கழட்டப் போனேன். ஸ்டெல்லா தடுத்துருச்சு. "அது இருக்கறதுனாலதாண்ணே பசங்க இங்க நிக்குறாங்க. நிக்கிற நேரத்துல வண்டியைப் பாருங்க. நல்லா இருந்தாக் கையெழுத்து, இல்லாட்டி இல்லை"ன்னுச்சு. நல்ல யோசனைதான். ஆனா நேராச் சொல்லிப் பாத்தேன், எவனும் கேக்கலை. "பிரேக்கைப் பாக்கோணும் சாமி"ன்னா, போனவாரந்தான் பாத்தோம்னு வண்டியை முறுக்கிட்டுப் போறான். ரசிகனுக்குப் புத்தி சொன்னா, அவன் அந்த நிமிஷமே ரசிகன் இல்லைங்க.

அப்புறந்தான் இந்தத் தந்திரம். கையெழுத்தா, போடறேனே, இருங்க பேனா எங்கியோ வச்சேன்னு ஆரம்பிப்பேன். ஸ்பேனர் பெட்டியில தேடுவேன். வண்டிக்கு அடியில விழுந்திருக்குமோன்னு குனிவேன். கை பாட்டுக்கு பிரேக் பேடைத் தடவும், கேபிளை இழுத்துப் பாக்கும், லூஸா இருந்தா முறுக்கிடும். பேடு தேஞ்சு போயிருந்தா, "அடடா, இதோட எறங்கறீங்களா?"ன்னு இப்பத்தான் கண்ணுல பட்ட மாதிரி கேப்பேன். பேனா சட்டைப் பையிலதான் இருக்கும். எல்லாம் சரியானப்புறந்தான் ஹெல்மெட்டுல கையெழுத்து. அதையும் அவங்க தலையில மாட்டி, வாரைக் கட்டின பிற்பாடு, தலையோட சேத்துத்தான் போடுவேன்.

பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பாக்கற ஒருத்தரு, அவரு சொந்த ஊரு ராசிபுரம், ஒரு நாள் மாட்டினாரு. பேடு காகிதமாத் தேஞ்சிருந்துச்சு. மாத்தி முடிக்க முக்கால் மணி நேரம். வாரைக் கட்டி, தலையைக் குனிஞ்சு காட்டிக்கிட்டே பெருமூச்சு விட்டாரு.

"ஒரு கையெழுத்துக்கு இந்தப் பாடா? எங்கூருத் தாலுகா ஆபீஸே தேவலைங்க!"

அஞ்சு வண்டி

போன மாசம் ஒரு காலையில, கடை முன்னாடி அஞ்சு பைக்கு வரிசையா வந்து நின்னுச்சு. முதல் வண்டியைப் பாத்ததும் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வச்சுட்டேன். அதே பெயிண்டு. டேங்க்ல ஒரு பக்கம் நசுங்கின தடம், அதுக்குப் பக்கத்துல என் கையெழுத்து, வார்னிஷ் அடிச்சபடி. கோகுல் எறங்கினான். இடது காலை லேசா இழுத்துத்தான் நடக்கறான். அதைப் பாத்து என் கண்ணு கலங்கிருச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. அவன் வண்டியைச் சாச்சுக் காட்டினான். பின் சக்கரத்துல பிரேக் இருந்துச்சு. முன்னாடி புது டிஸ்க். கண்ணாடி ரெண்டும் இருந்துச்சு, ஸ்டாண்டும் இருந்துச்சு. "அழுத்திப் பாருங்கண்ணா"ன்னான். காலு வச்சு அழுத்தினேன். கல்லு மாதிரி நின்னுச்சு. அவன் முதுகுல ஒண்ணு வச்சேன், சந்தோஷத்துலதான்.

கூட வந்த நாலு பேரும் அவன் பட்டறைப் பசங்க. நாலு வண்டியும் ரேஸ் வண்டி மாதிரியே சோடிச்சது. ஹெல்மெட்டை நீட்டி, "எங்களுக்கும் போடுங்கண்ணா, சீக்கிரம் கெளம்போணும்"னாங்க. நான் வழக்கம்போல சட்டைப் பையைத் தடவி, "பேனாவைக் காணோமே"ன்னு ஸ்பேனர் பெட்டிப் பக்கம் போனேன். கோகுல் பின்னாடியே வந்து, டார்ச் லைட்டை எடுத்து என் கையில குடுத்தான். காதுக்கிட்டக் குனிஞ்சு மெதுவாச் சொன்னான்.

"அவசரமில்லாமத் தேடுங்கண்ணா, நாலு பேருக்கும் ஊட்டுல அம்மா இருக்காங்க."

இருபது வருஷம் நேராப் போயிச் சம்பாரிச்ச பேரை, இப்ப வண்டிக்கடியில குனிஞ்சு, இல்லாத பேனாவைத் தேடித் தேடியே செலவழிச்சுக்கிட்டு இருக்கேனுங்க.