கல்லுக் கிடங்கு றோட்டில் ஒரு வேப்பங்குழை

அம்மா அன்று ஏன் என்னைக் கூப்பிடவில்லை? இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பதில் தெரியாமல் இருப்பது இவ்வளவு காலமும் பெரிய இடைஞ்சலாக இருந்ததில்லை. இப்போது எனக்கும் ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளிடம் ஒரு சைக்கிளும் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் வீடு புளியங்குளத்துக்கு வடக்கே, கண்டி வீதியிலிருந்து காட்டுக்குள் பிரிகிற ஒரு தார் றோட்டின் தொடக்கத்தில் இருந்தது. அந்த றோட்டு எந்த ஊருக்கும் போகவில்லை. காட்டுக்குள்ளே ஒன்றரை மைல் தூரத்தில் கருங்கல் உடைக்கிற கிடங்கு ஒன்று, பாறையில் வெட்டிய பெரும் பள்ளம், இருந்தது. கல் ஏற்றும் லொறிகளுக்காகத்தான் தார் போட்டார்கள். பாறைக்கு வைக்கிற வெடிமருந்து வருவது நின்றதும் வேலை நின்றது, லொறிகளும் நின்றன. றோட்டு மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பாலைமரங்களுக்கும் வீரைமரங்களுக்கும் நடுவே நீட்டி நிமிர்ந்து கிடந்தது. பஸ் இல்லை, மோட்டார்சைக்கிள் இல்லை, மாட்டுவண்டிகூட அருமை. சைக்கிள் ஓடுவதற்கு அதைவிட நல்ல றோட்டு இலங்கையில் வேறெங்கும் இல்லை என்பது என் அபிப்பிராயம். இலங்கையில் நான் அதுவரை பார்த்தது கிளிநொச்சியும் வற்றாப்பளையும்தான்.

சைக்கிள் மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. கிடங்கில் பாறைக்குத் துளை போடுகிற வேலை பார்த்தவர். வேலை நின்றபின் அவரும் றோட்டைப் போலவே கொட்டிலுக்குள் நீட்டி நிமிர்ந்து கிடந்தார்.

"மாமா, சைக்கிளைத் தாங்கோவன்."

"உனக்குக் கால் பெடலுக்கு எட்டாது. வாய்தான் கிளிநொச்சி மட்டும் எட்டுது."

"சைக்கிள் பாருக்குக் கீழாலை காலை விட்டு ஓடுவன்."

"விழுந்தால்?"

"விழுந்தால் எனக்குத்தானே நோகும்."

"உனக்கு நொந்தால் அக்கா எண்ணெய் பூசுவா, பெட்டை. சைக்கிளுக்கு ஆர் பூசுறது?"

இப்படிச் சொன்னாலும், மறுத்துக்கொண்டே இருப்பது அவருக்குக் களைப்பான வேலை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே கையை அசைப்பார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

அம்மாவின் அனுமதி பிள்ளையாரடி வரைக்கும்தான். காடு தொடங்குகிற இடத்தில் ஒரு மரத்தின் கீழ் பிள்ளையார் என்று ஒரு கல் இருந்தது. அதன் முன்னால் நட்டிருந்த இரண்டு கவர்க்கம்புகளுக்குக் குறுக்கே ஒரு தடி. காட்டுக்குள் போகிறவர்கள் ஆளுக்கொரு குழை, இலையோடு ஒரு சிறு கொப்பு, முறித்து அந்தத் தடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இன்னொரு ஆள் உள்ளே போயிருக்கிறது என்று பிள்ளையாருக்குத் தெரியவேண்டும், அவர் பார்த்துக்கொள்வார். விறகுக்குப் போகிறவர், தேனுக்குப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர், எல்லோருக்கும் இதே ஒழுங்குதான்.

"பிள்ளையாரடிக்கு அங்காலை ஒரு முழம் போனாலும் எனக்குத் தெரியும்," என்று அம்மா சொல்லியிருந்தார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் அம்மா வீட்டு வளவின் பின்பக்கம் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம்போல கிளிநொச்சியில், நெல் ஆலையில். நான் பிள்ளையாரடியில் இறங்கி நின்றேன். முன்னால் றோட்டு யாருமில்லாமல் வளைந்து போனது. அம்மாவுக்குத் தெரியாமல் போகும் துணிவு எனக்கு இருந்தது. பிள்ளையாருக்குத் தெரியாமல் போகும் துணிவு இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற வீரையில் ஒரு குழை முறித்துத் தடியில் போட்டேன். பிறகு பாருக்குக் கீழே காலை விட்டு மிதித்தேன்.

அந்த ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. ஒதுங்கிக்கொள்ள வேண்டிய வாகனம் எதுவும் இல்லை. றோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைத்து வளைத்து ஓடினேன். குரங்குகள் பார்த்தன. ஒரு இடத்தில் செயின் கழன்றது. அதைப் பூட்டுவதற்குள் இரண்டு கையும் முழங்கை வரை கிறீசாகிவிட்டது.

கிடங்கு நான் நினைத்ததைவிடப் பெரியது. பாறையை நேராக வெட்டியிருந்தார்கள்; சுவரில் மேலிருந்து கீழாக மாமாவும் மற்றவர்களும் போட்ட துளைகளின் கோடுகள். அடியில் பச்சைத் தண்ணீர். லொறி இறங்குகிற சரிவு அப்படியே தண்ணீருக்குள் போய் மறைந்தது. கிடங்கில் முனி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் கல்லுக் குவியல்களில் ஏறி இறங்கினேன். முனியைக் காணவில்லை. பிறகு கை கழுவலாம் என்று சரிவில் இறங்கினேன்.

தண்ணீருக்குள் ஒரு கால் வைத்தேன். பாசி வழுக்கியது, ஆனால் குளிர்ச்சியாக இருந்தது. மற்றக் காலையும் தூக்கினேன்.

எனக்குச் சற்று முன்னால் தொப்பென்று ஒரு கல் விழுந்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன், மேலே விளிம்பில் பற்றைகள் மட்டும். அடுத்த கல் இன்னும் கிட்ட விழுந்தது.

நான் சரிவில் எப்படி ஏறினேன், சைக்கிளை எப்படி எடுத்தேன் என்பதெல்லாம் நினைவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக நான் சைக்கிள் ஓடியதில்லை. பிள்ளையாரடியில்தான் மூச்சு வாங்கினேன். தடியில் என் வீரைக்குழைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வேப்பங்குழை கிடந்தது. யார் வீட்டிலோ அம்மாள் வருத்தமாக்கும், அம்மை போட்டிருக்கும், நேர்த்தி வைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா வீட்டில் இல்லை. "அக்கா விறகுக்குப் போயிட்டா," என்றார் மாமா, கண் திறக்காமல்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா வந்தார். காலில் செருப்பு இல்லை. குதிக்காலில் இரத்தம் காய்ந்திருந்தது. சேலைக் கரை முழுவதும் நாயுருவி ஒட்டியிருந்தது.

"விறகு எங்கை, அக்கா?"

"நல்ல விறகு ஒண்டும் கிடைக்கேல்லை."

"வன்னிக் காட்டிலை விறகு இல்லையோ! இனி யாழ்ப்பாணத்திலை இருந்துதான் எடுக்கோணும்." மாமா அன்று முழுவதும் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சிரித்தார். அம்மா என்னைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சனியே?" என்று மட்டும் கேட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து சேலையில் ஒட்டியிருந்த நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

மறுநாள் பொறுக்க முடியாமல் மாமாவிடம் மெல்லச் சொன்னேன். "கிடங்கிலை முனி எனக்குக் கல்லெறிஞ்சது."

"எறிஞ்சும் படேல்லையோ? முனிக்கு இப்ப குறி தப்புது."

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "முனிக்குக் குறி தப்பேல்லை."

அம்மாவும் முனியை நம்புகிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நான் எதிர்பார்த்த அடி விழவில்லை. அந்தக் கிழமையே மாமாவை அனுப்பி ஒரு மணி வாங்குவித்து, சைக்கிளில் பூட்டச் செய்தார் அம்மா. "கிடங்கு மட்டும் போகலாம். தண்ணியிலை கால் வைக்கப்படாது. வளைவுக்கு வளைவு மணி அடிக்கோணும்."

"ஒரு வாகனமும் வாறேல்லையே, அம்மா. ஆருக்கு அடிக்கிறது?"

"யானைக்குக் கேக்கும்."

அதன்பிறகு இரண்டு வருடம் அந்த வெறும் றோட்டில் வளைவுக்கு வளைவு மணியடித்துக்கொண்டு போய்வந்தேன். யானைகள் எனக்கு மரியாதை தருகின்றன என்று நம்பினேன். திரும்பி வரும்போதெல்லாம் அம்மா எங்கள் வாசல் படலையில் நின்ற வேம்பின் கீழே அரிசிச் சட்டியோடு நிற்பார். சட்டியில் அரிசி இன்னும் களையப்படாமல் இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இராச்சோறு இவ்வளவு பிந்துகிறது என்று மாமாவும் நானும் குறைபட்டுக்கொள்வோம். பிள்ளையாரடிப் பக்கத்தில் ஒரு வேம்புகூட இல்லை என்பதோ, வேம்பு நின்றது எங்கள் படலையில் மட்டும்தான் என்பதோ எனக்கு அப்போது தோன்றவில்லை.

தோன்றியபோது கேட்பதற்கு அம்மா இல்லை. மேலே பற்றைக்குள் நின்று கூப்பிட்டால் திடுக்கிட்டு வழுக்கிவிடுவேன் என்று பயந்திருப்பார் என்று சிலவேளை நினைக்கிறேன். ஆனால் கல் விழுந்தாலும் பிள்ளை திடுக்கிடும்தானே? தன்னைக் கண்டால் நான் பிறகு அந்த றோட்டுக்கே போகமாட்டேன் என்று நினைத்தாரோ? அந்த ஓட்ட நடையில் வந்தவருக்கு அவ்வளவு யோசிக்க நேரம் இருந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

இப்போது நாங்கள் வவுனியாவுக்கு வெளியே இருக்கிறோம். பக்கத்தில் ஒரு குளக்கட்டு, வாகனம் வராது. போன சனிக்கிழமை மகள் அதில் சைக்கிளில் போனாள். நான் பின்னால் நடந்தேன். தண்ணீர் திறந்துவிடுகிற துருசடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரை எட்டிப் பார்த்தாள். என் கையில் ஒரு கல் இருந்தது; எப்போது பொறுக்கினேன் என்று தெரியாது. ஆனால் எறியவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை. கேட்டால், "நீங்கள் பின்னாலை வருவீங்கள்," என்கிறாள்.

நேற்று கடையில் ஒரு மணி வாங்கி வந்தேன். இன்னும் பையில்தான் இருக்கிறது. தான் பின்னால் நிற்பது பிள்ளைக்குத் தெரிந்துபோன ஒரு தாய், இனி அதைப் பூட்டிக் கொடுத்துப் பயன் உண்டா? பிள்ளை வளர்த்தவர்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.