குலுக்கலில் விழாத ஊர்

தலந்தாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே அவளால் ஓர் ஊருக்குக் கேடு வந்தது என்றால் யார் நம்புவார்கள்?

துனிசியாவின் தலைநகர் துனிஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் அவள் தற்காலிகக் களப்பணியாளர். பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்தவள். அடுத்த வருஷம் நிரந்தரமாக்கிவிடுவோம் என்ற பேச்சை நம்பியே இளமையை ஓட்டியவள். அந்தத் துறையில் நாற்காலிகள்கூட நிரந்தரம், அவள் மட்டும் தற்காலிகம்.

ஏழை வீட்டுக்கு ஆடு கொடுத்தால் வீடு முன்னேறுமா? இதுதான் பேராசிரியர் லஸ்ஹரின் ஆராய்ச்சி. மக்தர் மலைப்பக்கத்து ஊர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். பெயர் விழுந்த ஊர்களுக்கு ஆடு, விழாத ஊர்களுக்குக் கேள்வி மட்டும். வருஷா வருஷம் இரு பக்கமும் போய், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிவந்து ஒப்பிட வேண்டும். சீட்டு எடுத்தது தலந்தாவின் கைதான்.

"குலுக்கல் விஷயம் அங்க யாருக்கும் தெரியக் கூடாது" என்றார் லஸ்ஹர். "தெரிஞ்சா கதவைச் சாத்திடுவாங்க. அப்புறம் ஆராய்ச்சியும் போச்சு, உன் வேலையும் போச்சு."

சீட்டு விழாத ஊரில் முதல் வீடு ம்பார்காவுடையது. கணவனை இழந்தவள், வாய் ஓயாதவள். மண் அடுப்பில் சுட்ட ரொட்டியை ஆலிவ் எண்ணெயோடு முன்னால் வைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் ஆடு வந்துடுச்சாமே. எங்களுக்கு எப்ப மகளே?"

வராது என்று சொல்ல வேலை விடவில்லை. வரும் என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

"இன்ஷா அல்லாஹ், காலா" என்று சின்னம்மா முறை வைத்துச் சொன்னாள் தலந்தா.

'ஆண்டவன் நாடினால்' என்று, கடன் கேட்டு வருகிறவனையும் பெண் கேட்டு வருகிறவனையும் நோகாமல் அனுப்பிவைக்க நாமெல்லாம் சொல்வதுதான். ஆனால் தலைநகரிலிருந்து பைல் தூக்கிக்கொண்டு வந்த படித்த பெண், ஆண்டவன் பெயரால் சொன்னால் ம்பார்காவுக்கு அது பாதி ஆடு வந்த மாதிரி.

மறுவருஷம் போனபோது வீட்டுக்குப் பக்கத்தில் கல்சுவர் எழும்பியிருந்தது. சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி வேலி, மேலே புதுத் தகரம். தகரம் வாங்க ம்பார்கா தன் கல்யாணத்து வெள்ளிக் காப்பை விற்றிருந்தாள்.

"இது எதுக்கு காலா?"

"நல்லாக் கேட்ட போ! வர்ற ஆட்டை மழையில நிறுத்தவா?"

பக்கத்து வீட்டு ஹஃப்ஸியா வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தாள். "ஆட்டுக்குப் பேரும் வச்சுட்டா. ஆடுதான் பாக்கி."

"நீ மட்டும் என்ன? என்னைப் பார்த்துத்தானே நீயும் கட்டின!"

உண்மைதான். ஊரில் வீட்டுக்கு வீடு கொட்டில், மூலையில் வைக்கோல். தலந்தா அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேள்வித்தாளில் 'கொட்டில்: உண்டு, தீவன இருப்பு: உண்டு' என்று எழுதிக்கொண்டு திரும்பினாள்.

ஆராய்ச்சி முடிந்து, துறை அரங்கில் லஸ்ஹர் முடிவைச் சொன்னார்.

"ஆடு வாங்கின ஊரும் வாங்காத ஊரும் வசதியில ஒண்ணுபோலத்தான் இருக்கு. ஆடு கொடுக்காமலே கொட்டில் கட்டியிருக்காங்க, தீவனம் சேர்த்திருக்காங்க. அதனால ஆடு கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல."

பணம் கொடுத்த அமைப்பின் ஆள் முன்வரிசையில் இருந்தார். "நல்லவேளை சொன்னீங்க. மீதி ஊர்களுக்கும் கொடுக்கிறதா இருந்தோம். நிறுத்திடறோம்" என்றார்.

கொட்டில் கட்டியதே ஆடு வரும் என்று நம்பித்தான் என்று தலந்தா எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வாரம்தான் அவளுடைய நிரந்தர உத்தரவு கையெழுத்தாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வேலை நிரந்தரமானது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு குளிர்காலத்துக் காலையில் ம்பார்கா போன் செய்தாள்.

"காத்துல தகரம் பறக்குது மகளே. இப்பவே ஆணி அடிச்சுடவா, இல்ல ஆடு வந்த பிறகு பார்த்துக்கலாமா?"

இன்ஷா அல்லாஹ் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள் தலந்தா.

"ஆடு வராது, காலா. இனிமே வராது."

மறுமுனையில் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவே ம்பார்கா மெல்லக் கேட்டாள்.

"நான் எந்தக் கேள்விக்கு மகளே தப்பாப் பதில் சொன்னேன்?"

 தலந்தா பதில் சொல்வதற்குள் ம்பார்கா போனை வைக்காமலே ஹஃப்ஸியாவிடம் சொல்வது கேட்டது.

"என்னாலதான்டி நம்ம ஊருக்கே ஆடு வராமப் போச்சு."