பாதித் தட்டு

செமாபோக்கில் அக்கா தன் வீட்டு வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறாள். அரைவட்ட வார்ப்பிரும்பு, உள்வளைவில் திருகு மரை தெரியும். லேத் என்னும் கடைசல் எந்திரத்தில் வேலைப்பொருளைக் கவ்வும் பிடியான ‘சக்’கைத் தாங்குகிற பின்தட்டின் பாதி அது. கடைந்தவன் நான். உடைத்தவர் அத்தான்.

நாடு விடுதலையாகி மெர்டேக்கா கொடி ஏறிய வருடம். காஜா பெராங்கில் தவுக்கே என்று நாங்கள் அழைத்த ஒரு சீன முதலாளியின் பட்டறையில் அத்தானுக்கு ஒரு லேத், பக்கத்தில் எனக்கு ஒன்று. நாலாம் வகுப்போடு நின்று தோட்டம் தோட்டமாகத் திரிந்த என்னை அக்காதான் அங்கே சேர்த்துவிட்டாள். அத்தான் கைக்கு எட்டியதைக் கொண்டு அவளை அடிப்பார். பலகைச் சுவருக்கு இப்பால் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். ஒருமுறை தடுக்கப் போனேன். என்னை வெளியே தள்ளிவிட்டு, "மெர்டேக்கா நாட்டுக்குத்தான் மச்சான், வீட்டுக்கில்ல" என்று சிரித்தார். அந்த வாரம் அக்காவின் இடக்கை விரல்கள் இரண்டு ஒடிந்தன.

அதே வாரம் அவருடைய லேத்தின் பின்தட்டில் விரிசல் விட்டது. புதியதைக் கடையும் வேலை என்னிடம் வந்தது. வார்ப்பின் மேல்தோல் கடினம். பயந்து சுரண்டினால் உளி மழுங்கிவிடும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். "தடவிக் குடுத்தா இரும்பும் கேக்காது, பொம்பளயும் கேக்காது" என்பார் அத்தான். ஆழமாகவே வெட்டினேன். கரித்தூள் மூக்கை அடைத்தது. லேத்தின் சுழல்தண்டில் திருகி ஏறும் துளையில் மரை போடும்போது, போதும் என்று தெரிந்த பிறகும் கூடுதலாக ஒரு வெட்டு எடுத்தேன். கை தவறி அல்ல. லேத் தானாக நிற்கும்வரை அத்தானுக்குப் பொறுமை கிடையாது. ஓடும்போதே ரிவர்ஸ் போட்டு நிறுத்துவார். தளர்ந்த மரை அப்போது கழன்று, ஆள் தூக்கத் திணறும் சக் அவர் மேல் பாயும்.

"சரியா ஒக்காந்துச்சா, மச்சான்?" என்றார்.

"ஒக்காந்துச்சு" என்றேன்.

பெரிய கப்பி ஒன்றை மாட்டி மதியம்வரை நிறுத்தாமல் கடைந்தார். அப்போது அக்கா தூக்குச்சட்டியோடு வந்தாள். சோறு தாமதமென்று திட்டிக்கொண்டே அவர் ரிவர்ஸ் கைப்பிடியை எட்டினார். அவள் சக்குக்கு நேர் எதிரில் நின்றிருந்தாள்.

"ரிவர்ஸ் போடாதீங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் கை நின்றது. லேத்தை நிறுத்தி, அது ஓயும்வரை முதல்முறையாகப் பொறுத்திருந்தார். சக்கைக் கையால் பின்னோக்கித் திருப்பினார். புட்டி மூடி போல இளகி வந்தது. சக்கை இறுக்கும் இரும்புச் சாவியால் என் வாயில் அடித்தார். முன்பற்கள் மூன்று போயின. விழுந்த பிறகும் அடித்தார். தவுக்கே வந்து பிடித்து இழுத்ததும், தட்டைக் கழற்றித் தரையில் போட்டுச் சம்மட்டியை இறக்கினார். வார்ப்பிரும்பு வளையாது. ஒரே அடியில் இரண்டாயிற்று.

அக்கா முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. காதருகே குனிந்து, "இன்னிக்கி நான் சோறு கொண்டாராம இருந்திருக்கணும்டா" என்றாள்.

அன்றே ஊரைவிட்டுப் போனேன். சிங்கப்பூர், கிள்ளான் என்று எங்கெங்கோ வேலை செய்தேன். அத்தான் மேலும் பதினேழு வருடம் இருந்தார், அடித்துக்கொண்டு. பிறகு நோயில் போனார். தட்டின் பாதியை எப்போது எடுத்து வந்தாள் என்று நான் கேட்டதில்லை. போன வாரம் போயிருந்தபோது அக்கா அதைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கோணலாகக் கூடிய அந்த இரண்டு விரல்களால் தாழ்ப்பாளைப் போட்டாள்.