சம்பளத்தைச் சொல்லி ஆள் சேர்த்தவர்

கொடைக்கானல் பக்கத்துப் பண்ணைக்காட்டிலிருந்து ஜீப்பில் திரும்பும்போது ஒரு வளைவு வந்தால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அந்த வளைவில்தான் கல்லூரிக் குழுவின் செய்தி வந்து விழுந்தது. ஜொகரா மேடம் காலமாகிவிட்டார். அதிகாலைத் தொழுகை முடித்து எழுந்தவருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சற்று முன்புதான் ஒரு வீட்டில், "பி.ஏ. தமிழ் படிச்சா என்ன சம்பளம் சார் வரும்?" என்று ஒரு தகப்பனார் கேட்க, "நாளைக்கு மேடத்தோட வர்றேன், அவங்களே சொல்லுவாங்க" என்று நழுவிவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் மாணவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவரும் ஒரே ஆண்டில் தமிழ்த்துறையில் சேர்ந்தவர்கள். தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் காலம். மேல்மலையில் பூண்டு போடுகிறவர்கள், கீழ்மலையில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறவர்கள் என்று ஒரு வீடு விடமாட்டோம். பதினைந்து பேர் சேராவிட்டால் தமிழ்ப் பிரிவை மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. பிரிவை மூடினால் எங்கள் வேலையும் போச்சு.

பேச்சில் நான் கெட்டிக்காரன். கலெக்டர் ஆகலாம், டி.வி.யில் செய்தி வாசிக்கலாம், சினிமாவுக்கு வசனம் எழுதலாம் என்று அள்ளிவிடுவேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மேல்மலையில் முத்துலட்சுமி என்பவர் வீட்டில் அப்படித்தான் அள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். மகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போயிருந்தோம். பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டுங்க. இதப் படிச்சா மாசம் என்ன வரும்?"

"நான் பி.எச்டி. வரைக்கும் படிச்சிருக்கேன்மா" என்றார் மேடம். "இத்தன வருஷத்துக்கு அப்பறம் கையில பத்தொம்பதாயிரம் வாங்குறேன். சாருக்கு என்னைய விட ஆயிரம் கம்மி."

என் சம்பளத்தையும் போட்டு உடைத்துவிட்டார்! எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. அவர் நிறுத்தவில்லை. "வெரசா சம்பாதிக்கணும்னா நர்சிங் போடுங்க. கடன் கிடன் இருந்தா இதுல விடாதீங்க."

"அப்பறம் எதுக்குங்க நீங்க இதுலயே இருக்கீங்க?"

மேடம் சொன்னார்: "மாசக் கடைசி இழுபறிதாம்மா. ஆனா வகுப்புக்குள்ள போயி ஒரு பாட்டெடுத்து நடத்த ஆரம்பிச்சா அந்த நெனப்பே வராது. அதுக்கு என்ன வெல போடுறதுன்னு எனக்குத் தெரியல."

ஜீப்பில் ஏறியதும் நான் வெடித்தேன். "என்ன மேடம், நம்ம சோத்துல நாமளே மண் அள்ளிப் போடுறதா?" அவருக்குக் கோபம் வரவில்லை; தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "எங்கத்தா கொடைக்கானல் பஜார்ல பழக்கடை வச்சிருந்தாரு சார். அடிபட்ட பேரிக்காய அடிபட்ட பக்கத்தத் திருப்பிக் காட்டித்தான் விப்பாரு. கொறையச் சொல்லி வித்தா வாங்கினவன் திரும்பி வந்து சண்ட போடமாட்டான்னு சொல்லுவாரு. எனக்கு வேற மாதிரி விக்கத் தெரியாது" என்றார். பழம் வேறு, பிழைப்பு வேறு என்று ஊர் வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

சேர்க்கையின் கடைசி நாள் வந்தது. இரண்டு பேர் குறைந்தார்கள். மேடம் தன் மேசையிலிருந்த புத்தகங்களைக்கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டார். மதியம் மேல்மலை பஸ்ஸிலிருந்து முத்துலட்சுமி இன்னொரு பெண்ணோடு இறங்கி வந்தார். மகளைக் காணோம்.

"பொண்ணு வரலியாம்மா?" என்று கேட்டேன்.

"அவ நர்சிங் சேந்துட்டாங்க. இது என் ஓரகத்தி. நாங்க ரெண்டு பேரும் பன்னெண்டாவது பாசு. சேர வந்திருக்கோம்." பிறகு மேடத்தைப் பார்த்துச் சொன்னார்: "சம்பளத்துக்கு எங்களுக்குப் பூண்டு இருக்குங்க. வெல போடத் தெரியலன்னு சொன்னீங்கள்ல, எங்களுக்கு அதுதான் வேணும்."

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். இத்தனை ஆண்டு கலெக்டரையும் சினிமாவையும் காட்டி நான் எத்தனையோ பேரைச் சேர்த்திருக்கிறேன், பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு சம்பளத் தொகையை மறைக்காமல் சொன்ன பெண்மணிக்காக, இரண்டு குடும்பப் பெண்கள் காடு கழனியை விட்டு பஸ் ஏறி வந்திருந்தார்கள். வயது வரம்பு தடையில்லை என்று அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டு திரும்பியபோது மேடம் என் காதருகே, "பேரிக்கா வித்துருச்சு சார்" என்றார். இருவரும் மூன்று ஆண்டும் ஒழுங்காக வந்து பட்டம் வாங்கினார்கள். மேடம் இறந்த அன்று அவர் வீட்டு வாசலில் யாரையும்விட அதிகம் அழுதவர்கள் அவர்கள்தாம்.

அடக்கம் முடிந்த மறுவாரம் தனியாகப் பண்ணைக்காட்டுக்குப் போனேன். இந்த ஆண்டும் ஆள் குறைகிறது. "மேடம் வரலீங்களா?" என்று கேட்டார் அந்தத் தகப்பனார். சொன்னேன். "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு, அதே கேள்வியைத் தயக்கத்தோடு மறுபடி கேட்டார். கலெக்டர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டார். விழுங்கிவிட்டு, "எனக்குப் பத்தொம்பதாயிரத்து ஐந்நூறு வருதுங்க" என்றேன். கடன் இருந்தால் விட வேண்டாம் என்பதையும் சொன்னேன். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்: தொகையைக் குரல் தாழாமல் சொல்வது, சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பது.

அந்தக் கேள்வியும் வந்தது. "அப்பறம் எதுக்கு சார் இத்தன வருஷமா இதுலயே கெடக்கீங்க?"

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி என்னை நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். பிறகு, "நீயும் வந்து கேளு" என்று மனைவியையும் கூப்பிட்டார்.