மாமியார் கையில் கொடுக்கக் கூடாத டப்பா

விடியும்போது ஏரிப்பூச்சிகள் கரும்புகைத் தூண்களாக நீர்மேல் எழும். அவை சாய்ந்து சாய்ந்து எங்கள் தீவைக் கடந்து போகும்வரை அகுமு கரையில் வலையை விரித்துக் காத்திருப்பாள். பிறகு படகுகள் வரும். இடுப்பளவு நீரில் இறங்கிப் பொடிமீன் கூடையைத் தலையில் வாங்கி வந்து வலைமேல் பரப்புவாள். வெயில் ஏற ஏறக் கரை முழுவதும் வெள்ளியாய் மின்னும். அந்த மினுமினுப்பினூடே நடக்கிறவர்கள் எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்கள் போலவே தெரிவார்கள்.

அந்த நீரில்தான் நோயும் இருந்தது. நாணலில் ஒட்டியிருக்கும் சிறு நத்தையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் கிளம்பி, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வளர்ந்ததும் குடலைச் சுற்றிய ரத்தக் குழாய்களில் ஆணும் பெண்ணுமாகப் பிணைந்து வருடக்கணக்கில் குடியிருக்கும். அவற்றின் முட்டைகள் மலத்தோடு மறுபடி ஏரிக்கே போகும். படகில் இருப்பவனுக்குக் கழிப்பறை ஏது? வெளியேறாத முட்டைகள் ஈரலில் தங்கி அதை இறுக்கிவிடும்.

அகுமுவின் மகள் அவினோவைக் கட்டிய ஒடேராவுக்கு மலத்தில் ரத்தம் போனது. வயிறும் மெல்ல உப்பத் தொடங்கியது. இப்போதே மாத்திரை கொடுத்தால் ஈரல் தப்பும் என்றார்கள். ஆனால் தீவு மருந்தகத்தில் அந்த மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. ஆய்வில் புழு தென்படும் கரைகளுக்கு மட்டுமே புதிய பெட்டி வரும்.

ஆய்வுக்கு உதவ அகுமு தானே முன்வந்தாள். மலம் எடுத்துத் தர வீடு வீடாக மூடி போட்ட டப்பாக்களைக் கொடுத்தாள். மறுநாள் ஒடேராவின் படகுக்காரர்களுடைய டப்பாக்கள் எல்லாம் இலை போட்டு மூடிய கூடையில், ஒன்றுகூடக் குறையாமல் அவள் வாசலில் இருந்தன.

மரத்தடியில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்த செபெட் என்ற ஆய்வகப் பெண் மாலையில் தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, உங்க கரைக்குக் கடவுள் தனியா காவல் போட்டிருக்காரா? படகுக்காரங்க ஒருத்தர்கிட்டயும் ஒரு முட்டைகூட இல்லயே!"

"ஒடேராவோடதுலயுமா?"

"சுத்தமோ சுத்தம். இப்படியே எழுதிக் குடுத்தா உங்களுக்கு மாத்திரை கிடையாது."

அகுமு நேராக வன்ஜாலாவிடம் போனாள். மலைப்பக்கத்திலிருந்து வந்து வலை பின்னுகிறவன். ஏரியில் கால்கூட நனைக்க மாட்டான். இந்தப் பேச்சை அவள் பேசக்கூடிய ஆண் அந்தக் கரையில் அவன் ஒருவன்தான். எங்களிடையே மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் முகம் பார்ப்பதில்லை, ஒருவர் முன் ஒருவர் சாப்பிடுவதில்லை. மருமகனோடு ஒரே படகில் போகிறவர்களுக்கும் அவள் மாமியார்தான்.

"வன்ஜாலா, நெசத்தச் சொல்லு. என்ன பண்ணீங்க?"

"என்னயத் திட்டாதீங்க அக்கா. 'மாமியார் கையில போயி அதக் குடுக்குறதா? அதுக்கு ஏரியில குதிச்சிரலாம்'னு ஒரே பொலம்பல். நீதான் வெளியூர்க்காரன், உனக்கேது இங்க மாமியார்னு என் தலையில கட்டிட்டானுங்க."

"அப்ப அத்தனை டப்பாவும்..?"

"நம்மளுதுதான். மரவள்ளியும் கீரையுமாத் தின்னு ஒப்பேத்துனேன். ஒரு வயித்த நம்பி ஒரு படகே இருந்தா அது என்னதான் பண்ணும்?"

அகுமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே அது நின்றது. "சிரிக்கிற நேரமா இது? மாத்திரை வரலேன்னா எம்மக புருஷன் பொழைக்க மாட்டான்டா."

வன்ஜாலா ஊசியைக் கீழே வைத்தான்.

அகுமு நடந்ததைச் சொன்னதும் செபெட் இன்னும் ஒரு நாள் தங்கச் சம்மதித்தாள். "ஆனா இந்தத் தடவ எது யாரோடதுன்னு நீங்களே உறுதியாச் சொல்லணும்மா."

அகுமு இரண்டு துடுப்புகளை மணலில் நட்டு, இடையே ஒரு படகுப் பாயைக் கட்டச் செய்தாள். இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் வெளிச்சத்தில் நிழல்கள் வந்தன. நீண்டும் குறுகியும், காற்றில் பாய் அசையும்போது தாங்களும் நெளிந்தும் நின்றன. ஒவ்வொரு நிழலும் தன் பெயரைச் சொல்லி, பாய்க்கு அடியில் ஒரு டப்பாவைத் தள்ளிவிட்டுக் கரைந்தது. அவளுக்குத் தெரியாத குரல் அந்தக் கரையில் இல்லை. ஒடேராவின் நிழல் மட்டும் வயிற்றோரம் பருத்திருந்தது.

செபெட் அன்று அவளைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். மஞ்சள் ஒளியில், ஒரு பக்கம் முள் நீட்டிய நீள்வட்டம் ஒன்று மிதந்தது. துடுப்பைப் போட்டுவிட்டு உறங்கும் படகு போல அழகாக இருந்தது.

"இது ஒடேராவோடதா?"

"ஆமாம்மா. அநேகமா எல்லார்கிட்டயும் இருக்கு."

சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முடியும் முன்பே மாத்திரைப் பெட்டி வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஆளின் உயரத்தைக் கம்பில் அளந்து அதற்கேற்ற எண்ணிக்கையில் கொடுக்கும் மாத்திரைகளைக் கொடுப்பவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். கண்ணெதிரே என்பதுதான் விதி; கொடுப்பவளோ அகுமு. ஒடேரா மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றான். அகுமுவும் மண்ணைத்தான் பார்த்தாள்.

"முழுங்குப்பா!" என்றான் வன்ஜாலா. "இதையும் நானே முழுங்கணுமா?"

வரிசை முழுவதும் சிரித்தது. அகுமு நிமிர்ந்தாள். மருமகனின் முகத்தை அன்றுதான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது; அவள் நினைத்திருந்ததைவிட மிகவும் சின்னப் பையன். அவன் விழுங்கினான். தொண்டை ஏறி இறங்கியது. உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"விரலிடுக்குல இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் அகுமு. "அதையும் போட்டுக்குங்க."