குடத்துக்குப் பயந்த குதிரை

வெந்த கொள்ளின் வாசனை துணியில் ஏறிவிட்டால் இறங்காது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு அடுப்பில் டீயும் இன்னொரு அடுப்பில் குதிரைக்கான கொள்ளும் கொதிக்கும். அந்த ஆவி தகரக் கூரையில் முட்டி, காசிமேட்டிலிருந்து வரும் மீன் காற்றோடு கலந்து, கொடியில் காயும் என் பள்ளிச் சீருடையில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் என் தோளை முகர்ந்துவிட்டு, "உங்க வூட்ல டெய்லி சுண்டலாடி?" என்று கேட்பாள். குதிரைக்கு வைத்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன்.

என் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்கினால்தான் அது ஊர்வலம் என்று நினைத்த காலம். வயதாகிப்போன எங்கள் பழைய குதிரை ஒரு மழைக்காலத்தில் செத்துப்போக, அத்தா செங்குன்றம் பக்கம் யாரிடமிருந்தோ ஒரு வெள்ளைப் பெண் குதிரையை வாங்கி வந்தார். பஞ்சு என்று நான்தான் பேர் வைத்தேன். விற்ற ஆள், "கொழந்த மாதிரி பாய், ரொம்ப சாது" என்று சொன்னாராம். அது பொய்யாகவும் தெரியவில்லை. கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போகும் ரோட்டோரமாகவே அதை நடத்தி வந்திருக்கிறார் அத்தா. காது கூட அசையவில்லையாம். கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி கூவியபோது நின்று புல் மென்றுகொண்டிருந்ததாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தா, "தங்கம்டி இது" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அந்தத் தங்கத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது.

எங்கள் தெருக் குழாயில் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கிற தண்ணீருக்கு லாரியை நம்பி இருந்தோம். லாரி வருகிற நாளில் விடிவதற்கு முன்பே தெருவோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். ஆள் நிற்கத் தேவையில்லை, குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று தெருமுனை வரை நீளும் அந்த வரிசையைக் கடந்துதான் பஞ்சுவைக் கடற்கரைக்கு நடத்திப் போக வேண்டும். அத்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பஞ்சு குடங்களைப் பார்த்தது. கழுத்து விறைத்து, காதுகள் முன்னால் குத்திட்டு நிற்க, மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து ஒரு பெரிய சீறல் கிளம்பியது. அடுத்த நொடி பின்னால் துள்ளியது. கயிறு அத்தாவின் கையை அறுத்துக்கொண்டு போனது. பின்னங்கால் பட்டுக் குடங்கள் உருள, உருளும் சத்தத்தில் அது இன்னும் மிரண்டு சுற்ற, வரிசையில் நின்றிருந்த எங்கள் தெரு ஸ்டெல்லாக்கா கீழே விழுந்தாள். அவளுடைய பச்சைக் குடம் வாயிலிருந்து அடி வரை பிளந்துவிட்டது.

தெருவே கூடிவிட்டது. "பாய், இது குதுரயா, பிசாசா? கொழந்தைங்க நடமாடுற எடம் இது. எங்கியாவது ஓட்டினு போயி வுட்டுட்டு வா" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். அத்தா அறுபட்ட கையைக் கைலியில் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். ஸ்டெல்லாக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். அவள் வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் ஜன்னல் சாத்துவார்கள். எல்லோரும் அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவளோ சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நடுங்கி நிற்கும் குதிரையையே பார்த்தாள்.

"லாரிக்கு பயப்புடல, ரயிலுக்கு பயப்புடலன்னு நேத்து நீதான பாய் சொன்ன? என் கொடத்தப் பாத்து மட்டும் இதுக்கு இன்னா பயம்?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. ஏனென்றால் என் மண்டைக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தா தனக்குத் தெரிந்த வழியில் முயன்று பார்த்தார். முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் இரண்டு பேர் தள்ள, பஞ்சுவைக் குடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தார். அதன் உடம்பெல்லாம் வேர்த்து நுரை கட்டியதுதான் மிச்சம். தலைக்கயிற்றை அறுத்துக்கொண்டு, வீட்டை ஒட்டிய கொட்டகைக்குள் ஓடி மூலையில் முகத்தை வைத்து நின்றுவிட்டது. அதன்பிறகு வாசல் பக்கமே வர மறுத்தது. தர்காவில் மந்திரித்த கயிறு கழுத்தில் ஏறியது. அதுவும் பலிக்கவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு அத்தா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். "மாப்ளய கீழ தள்ளிச்சுன்னா அப்புறம் எவன் நம்மளக் கூப்புடுவான்? அதுக்குள்ள சரியாவலன்னா தரகர்கிட்ட ஒப்படைக்க வேண்டிதான்" என்று அம்மாவிடம் சொன்னார். தரகர் கொண்டுபோகும் குதிரைகள் எங்கே போகின்றன என்று நான் கேட்டேன். அம்மா என்னைத் தூங்கப் போகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வியாபாரம் முடிந்து மீன் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஸ்டெல்லாக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள், இடுப்பில் அந்தப் பிளந்த குடத்தோடு. நஷ்டம் கேட்க வந்திருக்கிறாள் என்று அம்மா பயந்துபோனாள். "இது இனிமே தண்ணிக்கு ஒதவாது. அது எதிர்ல வெச்சி, இன்னாதான் பண்ணுதுன்னு பாக்கலாமா ஜீனத்து?" என்று என்னைத்தான் கேட்டாள்.

கொட்டகைக்கு எதிரே கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதில் குடத்தை வைத்தோம். கொள்ளு தின்றுகொண்டிருந்த பஞ்சு வாயை நிறுத்திவிட்டு வெறித்தது. குடத்தைப் பின்னால் நகர்த்தினோம். வெறித்தது. இன்னும் பின்னால், சுவரோரம் வரை கொண்டுபோனதும் அதன் தாடை மெல்ல அசைந்தது. "மெல்லுதுக்கா, மெல்லுது!" என்று நான் கத்தியதில் அது மறுபடியும் நிறுத்திவிட்டது, ஸ்டெல்லாக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் எங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. மென்றால் பயமில்லை, நிறுத்தினால் பயம். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவள் வருவாள். குடம் கொஞ்சம் முன்னால் வரும். பஞ்சு மெல்வதை நிறுத்தினால் பின்னால் போகும். அத்தா வாசலில் உட்கார்ந்து, "கொடத்துக்கு ஊர்வலம் வுடுறீங்களா ரெண்டு பேரும்?" என்று கிண்டல் செய்வார்.

ஒருநாள் பஞ்சு தானாகவே குடத்திடம் வந்தது. அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். கயிற்றை ஸ்டெல்லாக்கா தளர்த்தி விட்டிருந்தாள். கால்கள் எந்நேரமும் ஓடத் தயாராகப் பின்னாலேயே நிற்க, கழுத்து மட்டும் நீண்டு, நீண்டு, குடத்தின் வாயில் ஒரு மூச்சு விட்டது. துள்ளிப் பின்வாங்கியது. மறுபடி வந்தது. உதட்டால் தொட்டது. பயப்படுகிற பிராணிக்குள் இவ்வளவு பெரிய ஆசையும் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த வாரம் பிளந்த குடத்துக்குள்ளேயே கொள்ளைப் போட்டோம். குடத்தின் கழுத்தில் கயிறு கட்டி நான் இழுத்துக்கொண்டு முன்னால் ஓட, தடதடவென்று உருளும் அதன் பின்னாலேயே பஞ்சு மூக்கை நீட்டிக்கொண்டு நடந்து வந்தது. "பாத்தியா, இப்போ கொடம் பயந்து ஓடுது, இது தொரத்துது" என்று ஸ்டெல்லாக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த லாரி நாளில் அத்தா மனதைத் திடப்படுத்திக்கொண்டு பஞ்சுவைத் தெருவில் இறக்கினார். குடங்களைத் தாண்டி அது அமைதியாக நடந்து கடற்கரைக்குப் போனது. எங்கள் வாசலில் அம்மா கையைத் தூக்கி துஆ செய்தாள். ஆனால் திரும்பி வரும்போது, அதே தெருவில், அதே குடங்களைப் பார்த்து, முதல் நாள் போலவே சீறித் துள்ளியது. அத்தா எப்படியோ கயிற்றை விடாமல் சமாளித்துக் கொட்டகைக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டு, "அவ்ளோதான். நாளைக்கு தரகரை வரச்சொல்றேன்" என்றார்.

நான் பள்ளிக்கூடம் போகாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். போகும்போது இல்லாத பயம் வரும்போது எங்கிருந்து வந்தது? கடலில் எதையாவது பார்த்ததா? பசியா? தெருவில் நின்று, பஞ்சு போன மாதிரியே நடந்து பார்த்தேன். குடங்கள் என் இடது கைப்பக்கம். திரும்பி நடந்தேன், வலது கைப்பக்கம். மீன் விற்றுக்கொண்டு வந்த ஸ்டெல்லாக்காவை வழியிலேயே மடக்கிச் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னோடு கொட்டகைக்கு வந்து பார்த்தாள். கட்டியிருக்கும் பஞ்சுவுக்கு வலது பக்கம் கொட்டகைச் சுவர், இடது பக்கம்தான் அந்தக் காலி இடம். அதனால் நாங்கள் எல்லா நாளும் குடத்தை இடது பக்கமாகவே கொண்டு வந்திருக்கிறோம்.

"அடப்பாவமே! அந்தாண்டக் கண்ணு இத்தப் பாக்கவே இல்லியே ஜீனத்து!"

இரண்டு பேருமாகப் போய் அத்தாவைக் கெஞ்சினோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் தரகரை வரச்சொல்லவில்லை. பஞ்சுவைத் திருப்பிக் கட்டி, முதலிலிருந்து, இந்த முறை வலது கண்ணுக்காகத் தொடங்கினோம். முதல் கண்ணுக்கு ஆன காலம் இரண்டாவதற்கு ஆகவில்லை. அத்தா இப்போது கிண்டல் செய்வதை விட்டுவிட்டு, பஞ்சுவின் தாடையை எங்களைவிடக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.

கல்யாணத்தன்று காலையில் வர வேண்டிய லாரி வரவில்லை. சாயங்காலம் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பிய நேரம் பார்த்து வந்து நின்றது. தெருவின் இரண்டு பக்கமும் குடங்கள், நடுவில் ஆட்கள், ஓட்டம், கூச்சல். முன்னால் பேண்ட் வாத்தியம் முழங்கிக்கொண்டு போக, முகத்தை மறைக்கும் பூச்சரத்தோடு மாப்பிள்ளை பஞ்சுவின் மேல். யாரோ ஒரு பிள்ளையின் கையிலிருந்து காலிக் குடம் நழுவி ரோட்டில் உருண்டது. பஞ்சு நின்றுவிட்டது. காதுகள் குத்திட்டன. பூச்சரத்துக்குள்ளிருந்து, "பாய், என்ன எறக்கி வுட்டுடு பாய்" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. பேண்ட் ஒவ்வொரு வாத்தியமாக அடங்கியது.

"எவளும் கொடத்தத் தொடாதீங்கடி! அப்டியே நில்லுங்க!" வரிசையிலிருந்து ஸ்டெல்லாக்காவின் குரல் மட்டும் எழுந்தது. அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். நான் அத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கை, மெதுவாக, பஞ்சு தலையை நீட்டுகிற அளவுக்குத் தளர்ந்தது. பஞ்சு தலையைத் தாழ்த்தியது. உருண்டு வந்த குடத்தை முகர்ந்து ஒரு மூச்சு விட்டது. பிறகு அதைத் தாண்டி ஓரமாக நடந்து, ஸ்டெல்லாக்கா அப்போதுதான் நிரப்பி வைத்திருந்த குடத்துக்குள் மூக்கைவிட்டு உறிஞ்சிக் குடிக்கத் தொடங்கியது.

"குடி, குடி. ஒனக்கில்லாத தண்ணியா?" என்றாள் அவள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு குடம்தான். மாப்பிள்ளை சிரித்துவிட்டார், தெரு முழுக்கச் சிரித்தது, பேண்ட் மறுபடி தொடங்கியது. அத்தா மட்டும் நகராமல், பஞ்சுவின் கழுத்து மயிரில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பஞ்சு அதற்குப் பிறகு பல வருஷங்கள் எங்களோடு இருந்தது. குடை, பலூன், காற்றில் படபடக்கும் பேனர் என்று அதற்குப் புதுப்புதுப் பயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணுக்கும் காட்டினோம். எங்கள் கொட்டகையில்தான் அது கண்ணை மூடியது. இப்போது அந்த இடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் பைக் நிறுத்துகிறார்கள். மாப்பிள்ளைகள் பூ ஒட்டிய காரில் வருகிறார்கள். தெருவில் குடிதண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. ஸ்டெல்லாக்காவுக்கு எண்ணூர் பக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பஞ்சு செத்த பிறகு அத்தா ஒருமுறை செங்குன்றம் போய், அதை விற்ற ஆளைத் தேடியிருக்கிறார். அவர் அங்கிருந்து எப்போதோ காலி செய்துகொண்டு போய்விட்டாராம். எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. எதற்குப் போனீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "சண்டைக்கு இல்ல. நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைக்கு இன்னா நடந்துச்சுன்னு சும்மா கேக்கலாம்னுதான்" என்றார். அவருக்கு இப்போது முழங்கால் வலி, வெளியே அதிகம் போவதில்லை. ஆனாலும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல், "அத்த யாரு அப்டி பயமுறுத்தி இருப்பாங்க?" என்று என்னைக் கேட்கிறார். தெரியாது அத்தா என்கிறேன். அவர் மிச்ச டீயைக் குடிக்கிறார்.